அணியத்தில் மூன்று குறி

அந்தக் கேட்டுக்குள்ளயா போறீங்க தம்பி? கொஞ்சம் நில்லுங்க. இப்படி வந்து இந்தப் பெஞ்சுல உக்காருங்க. அவசரம் ஒண்ணும் இல்ல, மீன்பிடித் தடை போட்டு இன்னைக்கு நாலாவது நாளுதான். கடலுக்குப் போக இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு. ஒரு டீயைக் குடிங்க, நான் சொல்லுததைக் கேளுங்க. பிறகும் அந்தப் பெருமாள் யார்டுலதான் போட்டை ரிப்பேருக்கு ஏத்தணும்னா தாராளமா ஏத்துங்க. நான் யாரையும் தடுக்கிறது இல்ல. சொல்லுவேன், அவ்வளவுதான்.

என் பேரு ததேயு. எனக்கும் ஒரு விசைப்போட்டு இருந்துச்சு, மரப்போட்டு. பேரு செலஸ்டின். என் தங்கச்சி பேரு அது. எனக்கும் அவளுக்கும் பாதிப் பாதின்னு எங்க அப்பா விட்டுட்டுப் போன போட்டு, அதனால அவ பேரையே வச்சோம். அவ புருஷன் கஸ்பாருதான் டிரைவரு. கடலுக்குப் போறது அவன். கரையில இருந்து வலை, ஐஸு, டீசல், ரிப்பேருன்னு அலையிறது நான். பதினாறு வருஷம் ஒரு முகக்கோணல் இல்லாம ஓட்டினோம். மச்சான்னு பேருக்குத்தான், எனக்கு அவன் கூடப்பிறந்தவன் மாதிரி. ஒரு தட்டுல சோறு தின்னவங்க நாங்க. இதை எதுக்குச் சொல்லுதேன்னா, அவனைக் கொன்னது இந்த யார்டு.

மெதுவா, டீ சூடா இருக்கு.

பெருமாளுக்கு வேலை தெரியாதுன்னு நான் சொல்ல மாட்டேன். பொய் சொல்லக் கூடாதுல்லா. ஓடாவி வேலைன்னா, போட்டு கட்டுற தச்சு வேலை, இந்தக் கரையில அவனை மிஞ்ச ஆள் கிடையாது. பலகையில உள்ளங்கையை வச்சே உளுத்திருக்கா இல்லையான்னு சொல்லிருவான். ஆனா மனுஷனுக்கு மரியாதை தெரியணும்லா? எந்தத் தடைக்காலத்துக்கு ஏத்தினாலும் ஒரு வில்லங்கம். ஒரு வருஷம் சுக்கானைக் கழட்டி மாட்டினாங்க, மூணாம் நாளே ஆட்டம் கொடுத்துருச்சு. ஒரு வருஷம் துருப்பிடிக்காத ஆணி போடச் சொன்னேன், சாதா இரும்பாணியை அடிச்சு மேல தாரைப் பூசிட்டாங்க. போய்க் கேட்டா ஏறிட்டுக்கூடப் பாக்க மாட்டான். பாப்போம்பான். அந்த ஒரு சொல்லுதான் அவன்கிட்ட. எப்போ முடியும் பெருமாளுன்னா பாப்போம். இப்படிப் பண்ணிட்டீங்களே பெருமாளுன்னா, அதுக்கும் பாப்போம்.

வேற யார்டு போக வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. கஸ்பாரு விடல. பெருமாள் கை பட்ட போட்டுலதான் எனக்குத் தூக்கம் வரும் மச்சாம்பான். தூக்கம்.

போன வருஷம் தடை ஆரம்பிச்ச மறுநாளே போட்டைக் கரையேத்திக் கொடுத்தேன். ஒரு மாசம் ஒருத்தனும் தொடல. தினமும் வருவேன், இந்தப் பெஞ்சுலதான் உக்காருவேன், கேட்டு வழியா பாத்துக்கிட்டே இருப்பேன். எனக்கு அடுத்த வாரம் ஏத்தின ஒரு முதலாளி இருக்காரு, அஞ்சு போட்டுக்காரரு. அவரு போட்டுல எட்டு ஆளு நின்னு வேலை பாக்கான். என் போட்டு மேல காக்கா உக்காந்திருக்கு. நான் போன் அடிச்சா பெருமாள் எடுக்க மாட்டான். ஒரு நாள் இந்தப் பெஞ்சுல இருந்தே அடிச்சேன் தம்பி. அவன் உள்ள நிக்கான், பைக்குள்ள போன் அடிக்குது, எடுத்துப் பாத்தான், திரும்ப உள்ளயே போட்டுட்டான். எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. ஒத்தப் போட்டுக்காரன்னா இளக்காரம்.

மே மாசக் கடைசியிலதான் கலப்பத்து வேலையை ஆரம்பிச்சாங்க. நீங்க புதுசா போட்டு வாங்கினவருங்கீங்க, அதனால நானே சொல்லிருதேன். மரப்போட்டுல பலகைக்கும் பலகைக்கும் நடுவுல இடுக்கு இருக்கும்லா, அதுல பழைய பஞ்சைத் தோண்டி எடுத்துட்டு, புதுப் பஞ்சை உளியால நெருக்கி அடிச்சு, மேல குங்கிலியம் காய்ச்சி ஊத்துவாங்க. அதுக்குப் பேருதான் கலப்பத்து. அது இல்லைன்னா மரப்போட்டு கூடைதான்.

அதுல பெருமாளுக்கு ஒரு பழக்கம். பழைய பஞ்சைத் தோண்டிட்டு இன்னும் புதுசு அடிக்காத இடத்துல எல்லாம் காவிக்கட்டியால ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்பான். ஆளுங்க அதைப் பாத்து வேலை செய்வாங்க. முடிஞ்ச பிறகு இவன் வந்து, தட்டிப் பாத்து, தன் கையால அழிப்பான். குறியைப் போடுறதும் நான், அழிக்கிறதும் நான், வேற எவனும் கை வைக்கப்படாதும்பான். யாரு போட்டுல யாரு சட்டம் போடுறது, பாருங்க. ஆனா எல்லாவனும் அதுக்குத் தலையாட்டுவான். கஸ்பாரும்தான். போட்டைத் தண்ணியில இறக்குறதுக்கு முன்னால ஒரு சுத்து சுத்தி வருவான், எங்கயாவது குறி கெடக்கான்னு பாப்பான். இல்லைன்னா சிலுவை போட்டுட்டு ஏறுவான்.

ஜூன் பதினாலு ராத்திரியோட தடை முடியுது. அதுக்கு முந்தின ஞாயிறு சாயங்காலம் சாமியார் வந்து எல்லாப் போட்டையும் மந்திரிப்பாரு. வருஷத்துக்கு ஒரு தடவை. ஊரே வரும், மாலை, கொடி, வெடின்னு கரை நெறைஞ்சிரும். அந்த வெள்ளிக்கிழமை நான் யார்டுக்குப் போறேன், என் போட்டு அணியத்துல, முன்பக்கத்துல, மூணு குறி. பெருசு பெருசா காவிக் கிறுக்கல். சரியா பேரு எழுதுற இடத்துக்குக் கீழ. மத்தபடி போட்டு முழுக்க வேலை முடிஞ்சாச்சு. அந்த மூணு இடந்தான் பாக்கி.

பெருமாள் எங்கன்னு கேட்டா, மகளுக்குப் பிரசவம், நாகர்கோயில் போயிட்டாரு, திங்கக்கிழமைதான் வருவாருன்னாங்க. கலப்பத்து அடிக்கிற முருகையா எங்கன்னு கேட்டா, அந்த அஞ்சு போட்டு முதலாளி போட்டுக்கு அடியில படுத்துக் கெடக்கான். அவன் சொன்னான், அண்ணாச்சி, திங்கக்கிழமை காலையில முத வேலையா அடிச்சுத் தாறேன், அது காய ரெண்டு நாள் விட்டுட்டு புதன்கிழமை இறக்குங்கன்னான். எல்லாப் போட்டும் முத நாள் கடலுக்குப் போகையில நான் மட்டும் கரையில நின்னு டாட்டா காட்டணுமாம். ரெண்டு மாசம் வலை விழாத கடலு தம்பி. முத நாள் இறால் மறுநாள் இருக்குமா?

பெருமாளுக்கு போன் அடிச்சேன். பதினோரு தடவை. எடுக்கல. மகளுக்குப் பிரசவம்னா போன்ல ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இதைத்தான் நான் கேக்கேன். இந்த ஒரு கேள்வியைத்தான் ஒரு வருஷமா கேட்டுட்டு இருக்கேன்.

சனிக்கிழமை பெயிண்டரைக் கூட்டிட்டுப் போனேன். பின்ன என்ன செய்ய? ஞாயித்துக்கிழமை சாமியார் வாறாரு, நாப்பது போட்டு மணப்பொண்ணு மாதிரி நிக்கும், என் போட்டு மட்டும் முகத்துல காவியை அப்பிக்கிட்டு நிக்கணுமா? வாடிக்கைக்காரன் போட்டை இப்படிக் கிறுக்கிப் போட்டுட்டு ஊருக்குப் போறதுதான் ஒரு யார்டு நடத்துற லட்சணமா? பெயிண்டர் தயங்கத்தான் செஞ்சான். பெருமாள் குறியாச்சேன்னான். போட்டு யாருதுன்னு கேட்டேன். அவன் தின்னர்ல துணியை முக்கி அழிச்சு, இடுக்குல பட்டி பூசி, தேச்சு, நீலம் அடிச்சு, மேல வெள்ளையில பேரு எழுதினான். செலஸ்டின்னு. நான் அழிக்கல தம்பி, பெயிண்டர்தான் அழிச்சான். நான் துணியை எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

ஞாயித்துக்கிழமை என் போட்டு நின்ன அழகைப் பாக்கணும் நீங்க. சாமியாரே நின்னு பாத்து, புதுப் போட்டா ததேயுன்னு கேட்டாரு. கஸ்பாருக்கு ஒரே சந்தோஷம். வலை வேலையா ரெண்டு நாள் வெளிய போயிருந்தவன், போட்டை அப்போதான் பாக்கான். பெஞ்சாதியைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் அவ பேருக்கு முன்னால நிக்க வச்சு, போட்டோ எடுடான்னு ஒருத்தன்கிட்ட போனைக் கொடுத்தான். இந்த வயசுல என்ன கூத்து இதுன்னு அவ வெக்கப்பட்டா. அந்தப் போட்டோதான் இப்போ வீட்டுல மாட்டியிருக்கு.

திங்கக்கிழமை பதினாலாம் தேதி. பெருமாள் ஊருல இருந்து மத்தியானம்தான் வந்து சேந்தான். வந்ததும் வராததுமா ஆறு போட்டு இறக்கணும், அவனுக்குத் தலைகால் புரியல. முருகையாவும் காலையில இருந்து அந்த முதலாளி போட்டுகளை இறக்குறதுலயே கெடந்தான், என் பக்கம் வரல. பெருமாள் என் போட்டுகிட்ட வந்தான். சுத்தி வந்தான். அணியத்துல கையை வச்சான், நீலம் கையில ஒட்டுச்சு. முருகையா அடிச்சுட்டானான்னு என்னைய கேட்டான். நான் என்னத்தைச் சொல்ல? அவன் ஆளு வேலை செஞ்சானா இல்லையான்னு அவன்லா பாத்துக்கிடணும்? பெயிண்டே அடிச்சாச்சு, பிறகென்ன கேள்வி, இறக்குங்கன்னேன். அவன் ஒரு நிமிஷம் நின்னான். அடுத்த போட்டுக்காரன் கூப்பிட்டான். பாப்போம்னு சொல்லிட்டு சங்கிலியை விடச் சொன்னான்.

பாத்தீங்களா? ஒரு தட்டு தட்டிப் பாத்தானா? பாக்கலல்லா. இதுதான் அவன் வேலை லட்சணம். கஸ்பாரும் சுத்தி வந்தான். குறி ஒண்ணும் இல்ல. சிலுவை போட்டுட்டு ஏறிட்டான்.

விடியக்காலம் போனாங்க. நல்ல பாடு அன்னைக்கு, இறால் கொட்டுச்சாம். சாயங்காலம் திரும்பும்போது காத்து முறுகிருச்சு, அணியத்துல அலை வந்து மோதுது, சரக்கும் பாரம். முன்னறையில தண்ணி ஏறினது யாருக்கும் தெரியல. தெரியும்போது முழங்காலுக்கு நிக்குது. பம்பு இழுக்கல. கஸ்பாரு சுக்கானை இன்னொருத்தன் கையில கொடுத்துட்டு, கட்டியிருந்த சாரத்தை அவுத்து எடுத்துக்கிட்டு, அதை வச்சு அடைக்கேன்னு உள்ள இறங்கினான். உள்ள இருந்து சத்தம் கொடுத்திருக்கான். மூணு இடத்துல வருதுல, இன்னும் துணி கொண்டாங்கன்னு. துணி எடுத்துட்டு வாறதுக்குள்ள போட்டு மூக்கைக் குத்திருச்சு.

மத்த அஞ்சு பேரும் கேனைப் பிடிச்சு மிதந்தாங்க, பின்னால வந்த போட்டு ஏத்திருச்சு. அவன் மட்டும் மூணாம் நாளு தெக்க ஒதுங்கினான். நான்தான் போய் அடையாளம் சொன்னேன். கையில சாரத்தைச் சுத்திப் பிடிச்சபடியே இருந்தான் தம்பி. அந்த விரலைப் பிரிக்க முடியல. நான் அவனுக்காக அழுத மாதிரி எங்க அப்பாவுக்குக்கூட அழுதது இல்ல.

சரி. கேளுங்க. இன்னும் இருக்கு.

ஊர்க்கமிட்டியில கூட்டம் போட்டாங்க. பெருமாளை வரச் சொன்னாங்க. நான் எல்லாத்தையும் சொன்னேன். சுக்கானைச் சொன்னேன், ஆணியைச் சொன்னேன், பதினோரு போன் சொன்னேன். செலஸ்டின் பொம்பளைங்க பக்கத்துல ரெண்டு மகளையும் வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. தலைவரு பெருமாள்கிட்ட கேட்டாரு. அணியத்துல கலப்பத்து பாக்கி இருந்திருக்குன்னு முருகையா சொல்லுதான், அப்ப குறி போட்டிருந்தா இறக்கியிருக்க மாட்டாங்கல்லா, குறி போட்டீரா இல்லையான்னு.

பெருமாள் என்னைய ஒரு பார்வை பாத்தான். நான் அவனைத்தான் பாத்துட்டு இருந்தேன், எனக்கென்ன பயம். பிறகு என் தங்கச்சியைப் பாத்தான், அந்தப் பிள்ளைகளைப் பாத்தான். ரொம்ப நேரம். பிறகு, "போட மறந்துட்டேன்"னான். "மகளைப் பாக்கப் போற அவசரத்துல மறந்துட்டேன். தப்பு என்னுதுதான்"னான்.

முருகையா என்னமோ சொல்ல எந்திரிச்சான், பெருமாள் தோளைப் பிடிச்சு உக்கார வச்சுட்டான். கேட்டீங்களா, அவனே ஒத்துக்கிட்டான். அத்தனை பேருக்கு முன்னால. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? அந்த அஞ்சு போட்டு முதலாளிகூட இந்த வருஷம் இங்க ஏத்தல. பாருங்க யார்டை, மூணே போட்டு நிக்குது.

என்ன?

இல்ல, நீங்க கேக்குறது புரியுது. குறி கெடந்துச்சுன்னு இப்போதானே சொன்னீங்க, பிறகு எப்படி அவரு போட மறந்திருப்பாருங்கீங்க. அதான? இதுல என்ன தம்பி இருக்கு. போட்டானோ போடலையோ, மறந்தேன்னு சொன்னது அவன் வாயி. நானா சொல்லச் சொன்னேன்? குறி போட்டிருந்தா எத்தனை மூலையில போட்டிருக்கணும், எவ்வளவு அழுத்திப் போட்டிருக்கணும்? மூணாவது குறி மட்டும் லேசுல போகல, நல்லா அழுத்தித் தேய்க்க வேண்டியதாப் போச்சு, மத்த ரெண்டும் ஒரே இழுப்புல போயிருச்சு. அப்படி ஒரு இழுப்புல போறதெல்லாம் ஒரு குறியா? ஒரு உசுரு அதை நம்பிக் கெடக்குன்னா உளியால செதுக்கி வைக்கணும்.

நான் தேச்சேன்னு சொல்லல. பெயிண்டர் தேச்சான்.

ஒரு வருஷமா நான் இங்கதான் இருக்கேன். காலையில வருவேன். புதுசா யாரு வந்தாலும் கூப்பிட்டு உக்கார வச்சுச் சொல்லுவேன். பெருமாள் ஒரு நாள்கூட கேட்டைத் தாண்டி வந்து என்ன ஏதுன்னு கேட்டது இல்ல. வந்து சண்டை போட்டாத் தேவலைன்னு இருக்கு. மறுத்து ஒரு வார்த்தை சொல்லுடா, உன் வாயால சொல்லுடான்னு இருக்கு. சொல்ல மாட்டான். போன கிறிஸ்துமஸுக்கு செலஸ்டின் பிள்ளைகளுக்குத் துணி எடுத்து ஆள் மூலமா கொடுத்து விட்டிருக்கான். நான் திருப்பி அனுப்பிட்டேன். கொலைகாரன் துணியை என் மருமகளுங்க உடுத்தவா?

அவங்க மூணு பேரும் என் வீட்டுலதான் இருக்காங்க. பின்ன எங்க போவாங்க? அண்ணனை விட்டா அவளுக்கு யாரு இருக்கா. அவளும் எனக்கு ஒரு குறை வைக்க மாட்டா. நான் இங்க உக்காந்திருக்கேன்னு தினமும் மத்தியானச் சோறு கொண்டு வாறா. நான் தின்னு முடிக்கிற வரைக்கும் அந்த ஓரத்துல உக்காந்து கேட்டுக்குள்ளயே பாத்துட்டு இருப்பா. ஒண்ணும் பேச மாட்டா.

போன வாரம் பேசினா. நான் சோத்துல கை வச்சிருக்கேன். "அண்ணே, அந்த வெள்ளிக்கிழமை நான் முருகையா சம்சாரத்துக்கு மருந்து கொடுக்க யார்டுக்குள்ள போனேன்லா"ன்னா. "நம்ம போட்டு அணியத்துல காவியில என்னமோ கெடந்துச்சே. மூணு கெடந்துச்சே." நான் சொன்னேன், நீ வேற போட்டைப் பாத்திருப்ப, அங்க இருபது போட்டு நிக்கும், எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும்னேன். அவ சரின்னுட்டா. தூக்குச்சட்டியைக் கழுவி எடுத்துட்டுப் போயிட்டா. பிறகு அதைப் பத்திக் கேக்கல. ஆனா அன்னையில இருந்து அந்தப் போட்டோவை சுவத்துல இருந்து கழட்டிக் கழட்டிப் பாக்கா. அதுல பேரும் நீலமும்தான் இருக்கு. வேற ஒண்ணும் இல்ல. நானும் பாத்துட்டேன்.

மணி என்ன ஆச்சு? ஒண்ணா? இருங்க, எந்திரிக்காதீங்க. அந்தா வாறா பாருங்க, தூக்குச்சட்டியோட. தம்பி, உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டு ஒண்ணு கேக்கேன். அவ வந்து உக்காந்த பிறகு பெருமாளை நீங்க எவ்வளவு வேணும்னாலும் பேசுங்க. சுக்கானைக் கேளுங்க, ஆணியைக் கேளுங்க, பதினோரு போன் அடிச்சதைக் கேளுங்க. குறியைப் பத்தி மட்டும் வாயைத் திறந்திராதீங்க.

வா செலஸ்டின். இந்தத் தம்பி புதுசா போட்டு வாங்கியிருக்காரு. நம்ம பெருமாள் லட்சணத்தைத்தான் சொல்லிட்டு இருந்தேன்.